முப்பத்திரண்டு அங்குலத்தில் ஒரு வீடு

கோப்பாயிலும் அதைச் சுற்றியுள்ள ஊர்களிலும் கடந்த பதினைந்து வருடங்களில் எழும்பிய வீடுகளில் முந்நூறு, முதலில் சிவகௌரியின் மேசையில்தான் எழும்பின. படவரைஞர் என்பது தொழிலின் பெயர். ஆனால் ஊரில் 'பிளான் கீறுற கௌரி' என்று கேட்டால்தான் வழி காட்டுவார்கள்.

தொழில்நுட்பக் கல்லூரியில் படித்துவிட்டு ஒரு பொறியியலாளரிடம் ஏழு வருடம் வேலை செய்தவள் அவள். அவர் அவுஸ்திரேலியாவுக்குப் போனபோது தன் மேசையையும் மொனிற்றரையும் அவளிடம் கொடுத்துவிட்டுப் போனார். பத்தொன்பது அங்குலம், கிட்டத்தட்டச் சதுரம், ஒரு மூலையில் கீறல். கொம்பியூட்டர் பெட்டியை இரண்டு தரம் மாற்றியிருக்கிறாள். மொனிற்றர் மட்டும் அதே மொனிற்றர்.

அதில் வேலை செய்வதற்கு ஒரு பழக்கம் வேண்டும். வீட்டை முழுதாகத் திரைக்குள் கொண்டுவந்தால் அளவுகளெல்லாம் எறும்பு வரிசைபோல் ஆகிவிடும். அளவு தெரியும்படி பெருப்பித்தால் ஓர் அறைதான் தெரியும். ஆகவே அவள் மௌசின் சக்கரத்தை உருட்டி உள்ளே போவாள், ஒரு யன்னலைத் திருத்துவாள், வெளியே வருவாள், அடுத்த அறைக்குள் போவாள். நாள் முழுவதும் இதுதான். வருடத்துக்கு ஒரு மௌஸ் சக்கரம் தேய்ந்து போகும். முழு வீடு அவளுடைய தலைக்குள் இருக்கும். அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

அவளுடைய கணவன் கஜானன், பண்டத்தரிப்பில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆங்கில ஆசிரியன். எதையாவது வாங்குவதைவிட, வாங்குவதற்கு முன் அதைப் பற்றிப் படிப்பதில்தான் அவனுக்கு ஆனந்தம். குளிர்சாதனப் பெட்டி வாங்க முன்னர் ஒன்றரை மாதம் படித்தான். வாங்கி வைத்த அன்று அவனுக்கு முகம் விழுந்துவிட்டது, படிக்க ஒன்றும் இல்லாமல் போனதால்.

மாசி மாதத்தில் ஒரு நாள் அவன் பள்ளிக்கூடத்தால் வந்தபோது சிவகௌரி திரைக்கு நாலு விரல் தூரத்தில் முகத்தை வைத்துக்கொண்டிருந்தாள்.

"நீர் வீடு கீறுறீரோ, ஊசியிலை நூல் கோக்கிறீரோ?"

"மாடிப்படி கணக்குப் பார்க்கிறன். குழப்பாதேங்கோ."

"கழுத்து நோகுதெண்டு நேற்று ஆர் சொன்னது? ஒரு நல்ல மொனிற்றரை வாங்கும். இப்ப இருபத்தேழு அங்குலத்திலை நாலு கே வருது, திரை முழுக்கப் பொடிப் புள்ளி. ரெசொலூசன் எண்டால் என்னெண்டு தெரியுமோ?"

"தெரியும். ஒரு நாளைக்குப் பத்து மணித்தியாலம் அதுக்கு முன்னாலை இருக்கிறது நான்தானே."

முதலில் கண் கண்ணாடி போடவேண்டும் என்று அவளே முடிவு செய்து, யாழ்ப்பாணத்துக்குப் போய்க் கண்ணைக் காட்டினாள். நாற்பத்து நாலு வயதில் எல்லாருக்கும் வருகிறதுதான் வந்திருந்தது. கண்ணாடி வந்த பிறகு எழுத்துகள் பளிச்சென்று தெரிந்தன. ஆனால் பளிச்சென்று தெரிந்ததும் அதே ஓர் அறைதான். உள்ளே போவதும் வெளியே வருவதும் நிற்கவில்லை. கழுத்து நோவும் நிற்கவில்லை.

கஜானன் இதற்குள் நோட்டுப் புத்தகம் ஒன்றில் மொனிற்றர்களின் பெயர்களை எழுதத் தொடங்கியிருந்தான். சிவகௌரிக்கு ஒரு சந்தேகம் வந்தது.

"பெருசுதான் வேணுமெண்டால், உங்கை நடுவீட்டுக்குள்ளை நாற்பத்து மூண்டு அங்குலம் சும்மா தொங்குது. ரீவியிலை பூட்டிப் பாப்பம்."

"சும்மாவோ? இண்டைக்கு மட்ச் இருக்கு!"

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணி. சிவகௌரி கேட்கவில்லை. கொம்பியூட்டர் பெட்டியை இரண்டு பேருமாகத் தூக்கிக்கொண்டு போய் ரீவிக்குக் கீழே வைத்து வயரைப் பூட்டினார்கள். சுவர் நிறைய ஒரு வீடு விரிந்தது. எட்ட நின்று பார்க்க வெகு அழகாக இருந்தது. கஜானன்கூடக் கைதட்டினான். பிறகு அவள் கதிரையைக் கிட்டப் போட்டு, மௌசைப் பிடித்து, வேலை செய்வதற்கு உட்கார்ந்தாள். நேர்கோடுகள் படிக்கட்டுபோல் பல்லுப் பல்லாகத் தெரிந்தன. எழுத்துகள் பருத்து, விளிம்பு உருகி, மூன்றா எட்டா என்று தடுமாறவேண்டியிருந்தது.

"பெருசாய் இருக்கிறது வேறை, துலக்கமாய் இருக்கிறது வேறை," என்றாள் அவள்.

"அதைத்தானே நான் ரெண்டு கிழமையாய்ச் சொல்லுறன்!" என்றான் கஜானன். வயரைக் கழற்றி ரீவியைத் திரும்பப் போட்டபோது இரண்டு விக்கெட் விழுந்திருந்தது. அது எப்படி விழுந்தது என்று பார்க்கக் கிடைக்கவில்லையே என்று பின்னேரம் வரைக்கும் சொல்லிக்கொண்டிருந்தான்.

அந்தக் கிழமை அவள் பென் டிரைவ் ஒன்றில் ஒரு பிளானைப் போட்டுக்கொண்டு, பஸ் ஏறி எமில்ராஜின் கடைக்குப் போனாள். எமில்ராஜ் குருநகர்க்காரன். கஸ்தூரியார் வீதிக்குப் பக்கத்தில் கொம்பியூட்டர் திருத்துகிற கடை வைத்திருந்தான். அவளுடைய இப்போதைய பெட்டியைப் பாகம் பாகமாகப் பூட்டித் தந்தவனும் அவன்தான். ஒரு சாமானை விற்பதற்காக வாய் கூசாமல் புளுகுகிற ஆள் இல்லை என்பதனால் அவள் வேறு கடைக்குப் போவதில்லை.

"வாங்கோ அக்கா. கடைசியிலை அந்தச் சதுரப் பெட்டி செத்துப்போச்சோ?"

"சாகேல்லை தம்பி. சும்மா பாக்க வந்தனான்."

அவன் தன் மேசையில் இருந்த இருபத்தேழு அங்குல நாலு கே திரையில் பிளானைத் திறந்தான். நீர்வேலியில் கட்டப்போகிற ஒரு மாடி வீடு. கீழ்த்தளம் முழுவதும் ஒரே பார்வையில் வந்தது. கோடுகள் மயிர்போல் மெல்லியதாக, ஆனால் ஒன்றும் தப்பாமல். ஒவ்வோர் அளவும் இருந்த இடத்தில் இருந்தபடியே வாசிக்கக்கூடியதாக இருந்தது. தலைக்குள் மட்டுமே இவ்வளவு நாளும் இருந்த வீடு அவளுக்கு முன்னால் கிடந்தது.

பிறகு திடீரென்று சிரித்தாள். "ஐயோ, இதைப் பார். முன் விறாந்தையிலை ரெண்டு யன்னலும் ரெண்டு அகலம். ஒண்டு நாலு அடி, மற்றது மூண்டரை. பக்கத்திலை பக்கத்திலை வைச்சு நான் ஒருநாளும் பாக்கேல்லை."

"அப்ப பூட்டட்டோ அக்கா?"

"இந்தப் பட்டனுகள் ஏன் இப்பிடிக் குறுணி அரிசி மாதிரி இருக்குது?"

எமில்ராஜ் தலையைச் சொறிந்தான். "அதுதான் இதிலை உள்ள வில்லங்கம். புள்ளி கூடக் கூட எல்லாம் சின்னனாய்ப் போகும். பெருப்பிச்சு வைக்கலாம். ஆனால் உங்கடை கீறுற புறோகிறாம் பழசு. அது சொல்லுக் கேளாது. உங்கடை பெட்டியும் இதை இழுக்குமோ எண்டு பாக்கவேணும். ஒருநாளைக்குக் கொண்டு வாங்கோ, பூட்டிப் பாத்திட்டு முடிவெடுப்பம்."

பஸ்ஸில் திரும்பி வரும்போது அவள் மனம் இரண்டு பக்கமும் ஆடியது. அந்தத் திரை கண்ணுக்குள்ளேயே நின்றது. ஆனால் அதற்காகப் பெட்டியை மாற்றி, புறோகிறாமை மாற்றி, பழகிய கையையும் மாற்றி... வீட்டுக்கு வந்து கஜானனிடம், "வேண்டாம். முந்நூறு வீடு இதிலை கீறினனான். முந்நூற்றொண்டும் கீறுவன்," என்றாள். கஜானன் நோட்டுப் புத்தகத்தை மூடி மேசை லாச்சிக்குள் வைத்தான். ஆனால் பூட்டவில்லை.

அந்த முந்நூற்றொன்றாவது வீடு சின்னாச்சியுடையது.

சின்னாச்சி உரும்பிராயில் வெங்காயம் செய்கிறவர். வயது ஐம்பத்தெட்டு. கணவர் இறந்த பிறகு ஏழு பரப்புத் தோட்டத்தையும் தனியாகப் பார்த்து, பிள்ளைகள் இருவரையும் படிப்பித்தவர். பழைய வீட்டின் கூரை இனித் தாங்காது என்று ஆனபோது, தோட்டத்து ஓரத்தில் இருந்த வளவில் புது வீடு கட்டுவதற்கு முடிவெடுத்தார். பிளான் பார்க்க வந்த அன்று அவரோடு மகள் தர்சினி, மருமகன், மருமகனின் தமக்கை, மேசன் என்று நாலு பேர். கனடாவில் இருக்கிற மகன் மயூரதன் தர்சினியின் போனுக்குள் இருந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

சிவகௌரியின் அறை சின்னது. மொனிற்றர் அதைவிடச் சின்னது. தர்சினி கதிரையில் இருந்தாள். மருமகன் அவள் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தான். மற்றவர்கள் இருவரின் முதுகையும் பார்த்தார்கள். சின்னாச்சி கதவோரம் நின்றார்.

சிவகௌரி ஓர் அறைக்குள் போனாள், விளக்கினாள், வெளியே வந்தாள், அடுத்த அறைக்குள் போனாள். குசினி, சாப்பாட்டறை, சாமான் அறை, படுக்கையறை. ஒவ்வொன்றுக்கும் தர்சினி, "அம்மா, சரியோ?" என்று திரும்பிப் பார்த்துக் கேட்டாள்.

"ஓம், ஓம்," என்றார் சின்னாச்சி ஒவ்வொரு தரமும்.

பிரதேச சபையில் அனுமதி கிடைத்து, பங்குனியில் ஒரு நல்ல நாளில் நிலம் அளந்து கயிறு கட்டினார்கள். சிவகௌரியும் போயிருந்தாள். செம்மண்ணில் கயிற்றின் வழியே சுண்ணாம்புக் கோடு போட்டு முடித்தபோது, சின்னாச்சி சேலையைக் கொஞ்சம் தூக்கிச் செருகிக்கொண்டு, வீட்டுக்குள் போகிறவர் மாதிரியே வாசல் இருக்கிற இடத்தால் உள்ளே போனார். விறாந்தையைக் கடந்தார். நடுவில் நின்றார்.

"குசினி எங்கை?"

"இஞ்சை அம்மா," என்று மேசன் காட்டினார்.

சின்னாச்சி அந்தக் கட்டத்துக்குள் போய் நின்று சுற்றிப் பார்த்தார். "யன்னல்?"

"தெற்காலை."

தெற்கே பக்கத்து வீட்டு மதில் இருந்தது. கிழக்கே கிணறும், பம்பும், அதற்கு அப்பால் பாத்தி கட்டிய வெங்காயத் தறைகளும். குசினிக்கும் கிணற்றுக்கும் நடுவில் ஒரு சுண்ணாம்புக் கட்டம். "உது என்ன?" என்று கேட்டார். சாமான் அறை என்றார்கள்.

சின்னாச்சி கோபப்படவில்லை. குரலும் உயரவில்லை. "பிள்ளை," என்று சிவகௌரியைக் கூப்பிட்டார். "நான் காலமை சமைக்கேக்கைதான் தோட்டத்துக்குத் தண்ணி ஓடும். தண்ணி மாறுற ஆள் முழிச்சிருக்கிறானோ, வாய்க்கால் உடைச்சுக்கொண்டு வீண்போகுதோ எண்டு எட்டிப் பாக்கவேணும். இதிலை நிண்டால் எனக்கு மதில்தானே தெரியும்?"

"அம்மா, அண்டைக்குச் சரியெண்டு சொன்னீங்களே?" என்றாள் தர்சினி.

"நான் உன்ரை கொண்டையைத்தான் பாத்தனான். நீங்கள் எல்லாரும் சரியெண்டியள், நானும் ஓமெண்டன்."

மேசன் வாய்விட்டுச் சிரித்தார். தர்சினிக்கும் சிரிப்பு வந்தது. சிவகௌரிக்கு முகம் சூடாகியது. அவளுடைய பிளானில் ஓர் அளவும் பிழையில்லை. ஆனால் அந்த வீட்டில் சமைக்கப்போகிற ஆள் அதைப் பார்க்கவே இல்லை. சிவகௌரியும் ஒரு நாளும் கதவடியில் நின்று தன் திரையைப் பார்த்ததில்லை.

"இன்னும் அலவாங்கு போட்டு மண் கிண்டேல்லை. ஒண்டும் கெட்டுப்போகேல்லை அம்மா," என்றாள். "குசினியையும் சாமான் அறையையும் இடம் மாத்துவம். கிழக்கு யன்னல் வரும். சாப்பாட்டறைக்கு நாலு அடி கூட நடக்கவேணும்."

"நான் தோட்டத்துக்கும் வீட்டுக்கும் ஒரு நாளைக்கு நாற்பது தரம் நடக்கிறன். நாலு அடியாலை என்ன?"

வீட்டுக்கு வந்ததும் சிவகௌரி தன் மொனிற்றரைப் போட்டு, அந்தப் பிளானைத் திறந்துவிட்டு, கதவடியில் போய் நின்றாள். வெளிச்சமான ஒரு சதுரம் தெரிந்தது. அதற்குள் கோடுகள் இருப்பது தெரிந்தது. எது சுவர், எது யன்னல் என்று கீறினவளுக்கே விளங்கவில்லை.

"இஞ்சேருங்கோ," என்று உள்ளே குரல் கொடுத்தாள். "அந்த மொனிற்றர்க் கொப்பியை எடுங்கோ."

சனிக்கிழமை காலையில் கஜானனின் மோட்டார் சைக்கிளில், கொம்பியூட்டர் பெட்டியைத் துவாயால் சுற்றி மடியில் வைத்துப் பிடித்துக்கொண்டு, அவள் எமில்ராஜின் கடைக்குப் போய் இறங்கினாள். வழியில் ஒவ்வொரு குழிக்கும், "மெல்ல, மெல்ல!" என்று கத்தியதில் தொண்டை கட்டியிருந்தது.

முதலில் அந்த நாலு கே திரையில் பூட்டினார்கள். படம் வந்தது. ஆனால் மௌசை அசைத்தால் அம்பு அரைக்கணம் யோசித்துவிட்டுத்தான் அசைந்தது, சேற்றுக்குள் கால் வைத்தவன் மாதிரி. பெட்டிக்குள் படத்துக்கென்று ஒரு சின்ன மின் அட்டை பூட்டினால் அது சரியாகும் என்றான் எமில்ராஜ். "ஆனால் பட்டன் குறுணியாய்த்தான் இருக்கும். அதுக்கு நான் ஒண்டும் செய்யேலாது."

பிறகு முப்பத்திரண்டு அங்குலத் திரை ஒன்றைக் காட்டினான். அது நாலு கே இல்லை. அதற்கு ஒரு படி கீழே. பூட்டியதும் அம்பு அவள் கையோடு கூடவே ஓடியது.

சிவகௌரி கைப்பையில் இருந்து அடிமட்டத்தை எடுத்தாள். திரையில் தெரிந்த ஓர் எழுத்தின் உயரத்தை அளந்தாள். காலையில் வீட்டில் பழைய மொனிற்றரில் அதே எழுத்தை அளந்து ஒரு துண்டில் எழுதிக்கொண்டு வந்திருந்தாள். இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றுதான்.

"எழுத்து அதே அளவு," என்றாள். "கீறுற இடம் மட்டும் மூண்டு மடங்கு."

"நாலு கே எண்டால் இன்னும் துலக்கமாய் இருக்கும்," என்றான் கஜானன், ஏக்கத்தோடு. நோட்டுப் புத்தகத்தில் அந்தப் பெயருக்கு அவன் சிவப்பு மையால் வட்டம் போட்டிருந்தான்.

"ஓம் சேர், இருக்கும்," என்றான் எமில்ராஜ். "கலியாணப் படம் திருத்துற ஆக்களுக்கு நான் அதைத்தான் குடுக்கிறனான். அக்காவுக்குக் கோடும் எழுத்தும்தானே? கையும் இடறக்கூடாது."

சிவகௌரி இன்னும் முடிக்கவில்லை. "தம்பி, நீ அந்தக் கதவடிக்குப் போ. நீங்களும் போங்கோ." இருவரையும் எட்டடி தூரத்தில் நிறுத்தினாள். சின்னாச்சியின் பிளானை முழுதாகத் திறந்தாள். "இதிலை குசினி எங்கை இருக்குது?"

எமில்ராஜ் ஒரு கணம் பார்த்தான். "வலப்பக்கத்து மூலை. கிணத்தைப் பார்த்த பக்கம்."

"யன்னல் எத்தினை?"

"ரெண்டு," என்றான் கஜானன்.

"இதைக் கட்டித் தா," என்றாள் சிவகௌரி.

புதுத் திரை வீட்டுக்கு வந்து முதல் கிழமை அவளுக்கு அதோடு சண்டைதான். பழைய மேசைக்கு அது கிட்ட வந்து முகத்தில் இடிப்பதுபோல் இருந்தது. ஒரு மூலையில் இருந்து மறு மூலைக்குத் தலையைத் திருப்பித் திருப்பிப் பார்க்கவேண்டியிருந்தது. மேசையை வேறு சுவருக்கு மாற்றி, திரையை ஒரு முழம் பின்னுக்குத் தள்ளி, கதவு வரைக்கும் நாலு கதிரை போட்டாள். மௌஸ் சக்கரத்தை உருட்டாமல் ஒரு முழுக் காலை நேரம் போய்விட்டதை மூன்றாம் நாள் கவனித்தாள். பொறியியலாளரின் பழைய மொனிற்றரைக் கஜானன் பள்ளிக்கூடத்துக்குக் கேட்டான். "கவனமாய்க் கொண்டுபோங்கோ," என்று துடைத்துக் கொடுத்தாள்.

அடுத்த ஞாயிறு சின்னாச்சி குடும்பம் திரும்பவும் வந்தது. சிவகௌரி நடுக் கதிரையைச் சின்னாச்சிக்குப் போட்டாள். அவர் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு திரையை மேலும் கீழும் பார்த்தார்.

"இதுவோ வீடு?"

"இதுதான் அம்மா. இது வாசல். இது விறாந்தை. இது கிணறு."

சின்னாச்சி எழும்பிப் போய்த் திரைக்கு முன்னால் நின்று, விரலால் தொடாமல், வாசலில் தொடங்கி ஒவ்வொரு அறையாகக் காற்றில் நடந்தார். குசினிக்குள் போய் நின்றார். அங்கிருந்து கிணற்றுப் பக்கம் விரலை நீட்டினார். முகம் விரிந்தது. பிறகுதான் வினை தொடங்கியது.

"குளியலறைக் கதவு ஏன் சாப்பாட்டறையைப் பாக்குது?"

"எனக்கும் அது பிடிக்கேல்லை," என்றார் மருமகனின் தமக்கை, மூன்றாவது கதிரையில் இருந்து.

"நான் அப்பவே சொல்ல நினைச்சனான்," என்றான் மயூரதன் போனுக்குள் இருந்து.

"சாமி அறையைக் கொஞ்சம் பெருப்பிக்கேலாதோ?" என்றான் மருமகன். தர்சினிக்கு அலுமாரி வைக்கிற சுவர் போதாது. மேசனுக்கு ஒரு தூண் இடறியது. எல்லாருக்கும் எல்லாம் தெரிந்தது. எல்லாருக்கும் வாயும் இருந்தது. கஜானன் இரண்டு தரம் தேநீர் போட்டுக் கொண்டுவந்தான். இரண்டாம் தரம் அவனே நின்று, படிக்கட்டு அந்தப் பக்கம் வந்தால் என்ன என்று கேட்டான். சிவகௌரி திரும்பிப் பார்த்த பார்வையில் தேநீர்த் தட்டத்தோடு உள்ளே போய்விட்டான்.

முன்பென்றால் ஒரு வீட்டுக்கு இரண்டு திருத்தம், மிஞ்சினால் மூன்று. சின்னாச்சியின் வீட்டுக்குப் பதினொன்று. சிவகௌரி முணுமுணுத்தபடியே பதினொன்றையும் கீறினாள். எட்டாவது திருத்தத்தில் சின்னாச்சி சொன்ன ஒரு விடயம், சாமான் அறையையும் கிழக்குச் சுவருக்கு நகர்த்தி, தோட்டத்துப் பக்கம் ஒரு கதவு வைத்தால் வெங்காயப் பிடிகளை வீட்டுக்குள்ளால் காவவேண்டியதில்லை என்பது, அவளுக்கே தோன்றாத ஒன்று. அதைக் கீறி முடித்துவிட்டு, முழு வீட்டையும் ஒரு பார்வை பார்த்து, தனக்குள் தலையாட்டிக்கொண்டாள்.

திருத்திய பிளானுக்கும் அனுமதி வாங்கி, சித்திரை கழிந்து அத்திவாரம் வெட்டத் தொடங்கினார்கள். சிவகௌரி போனபோது மேசன் பெரிய தாளில் அச்சடித்த பிளானைக் காற்றுக்குப் பறக்கவிடாமல் நாலு கல்லு வைத்து விரித்து, குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். சின்னாச்சி தோட்டத்து வரம்பில் வெங்காயத்துக்குப் புல்லுப் பிடுங்கிக்கொண்டிருந்தார்.

"சாமான் அறைச் சுவர் எத்தினை அடி?" என்று மேசன் தன் ஆளிடம் கேட்டார். அவன் தாளைத் தேடினான்.

"ஏழேகால்," என்றார் சின்னாச்சி, நிமிராமலே. "கதவு தோட்டத்துப் பக்கம். மூண்டடி அகலம். வெங்காயக் கடகத்தோடை போகவேணும்."

மேசன் தாளைப் பார்த்தார். ஏழேகால்தான். அவர் சிவகௌரியைப் பார்த்துக் கையை விரித்தார். "இனி எனக்கு இந்தப் பேப்பர் ஏன் தங்கச்சி?"

சிவகௌரி சிரித்துக்கொண்டே செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, வெட்டிய கிடங்கைத் தாண்டி, குசினி வரப்போகிற இடத்துக்குள் போய் நின்றாள். பம்பு ஓடிக்கொண்டிருந்தது. கிணற்றடியில் இருந்து தண்ணீர் வாய்க்காலால் போய், மூன்றாவது தறையில் திரும்பி, வெங்காயத் தாள்களுக்கு நடுவில் பளபளத்தது. அங்கே நின்றபடி எல்லாம் தெரிந்தது.